ஏப்ரல் கணக்கு காணாமல் போன கதை: டார், ஜிப் கட்டளைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதும் தம்பி, போன சீசன் முடிகிற நேரத்தில் எனக்கு ஃபோன் செய்தான். "அண்ணா, ஏப்ரல் கோப்பைத் திறந்தா என்னென்னமோ கிறுக்கலா வருதுண்ணா. நான் எதையும் அழிக்கலண்ணா, பேக்கப்தான் எடுத்தேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. பேக்கப் எடுத்ததுதான் தப்பாகப் போயிற்று.

அந்த ஃபோல்டரில் நான்கே கோப்புகள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று மாதத்துக்கு ஒன்று, பெயர்கள் ஆங்கிலத்தில். அவன் டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரையில், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையை அடித்து, ஒரு கோடு போட்டு சி, இசட், எஃப் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து, அடுத்து ஒரு நட்சத்திரக் குறி போட்டு என்டரைத் தட்டிவிட்டான். சி என்றால் புதிதாகத் தொகு, இசட் என்றால் ஜிஜிப் வைத்துச் சுருக்கு, எஃப் என்றால் அடுத்து வரும் பெயரில் தொகுப்பை எழுது. அந்த அடுத்த பெயரைத்தான் அவன் மறந்துவிட்டான்.

நட்சத்திரக் குறியை டார் பார்ப்பதே இல்லை. அதற்கு முன்பே, நாம் அடிப்பதை வாங்கிக் கட்டளைக்குக் கொடுக்கும் ஷெல் அதை எடுத்துவிட்டு, ஃபோல்டரில் உள்ள பெயர்களை அகர வரிசையில் வைத்துவிடும். ஆங்கில வரிசையில் ஏப்ரல்தான் முதலில் வரும், பிறகு ஜூலை, ஜூன், மே. எனவே டாருக்குக் கிடைத்த உத்தரவு இதுதான்: ஜூலை, ஜூன், மே மூன்றையும் கட்டி, ஏப்ரல் என்ற பெயரில் எழுது. அது சொன்னபடி எழுதியது. எழுதத் திறந்த நொடியிலேயே பழைய ஏப்ரல் கணக்கு போய்விட்டது. நடுவில் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தியிருந்தாலும் பயனில்லை. ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு இருந்திருந்தால் லினக்ஸில் வரும் டார் வகையான குனு டார், "காலித் தொகுப்பு உருவாக்கக் கோழைத்தனமாக மறுக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி சொல்லி நின்றிருக்கும், கோப்பும் தப்பியிருக்கும். நான்கு இருந்ததால் வந்த வினை. காகிதச் சீட்டுகள் கட்டு கட்டாக இருந்தன, இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

இதற்கு நான் பழகிக்கொண்ட வழி, நட்சத்திரக் குறியையே விட்டுவிடுவது. அந்த ஃபோல்டரை விட்டு ஒரு படி வெளியே வந்து, தொகுப்பின் பெயரை முதலில் அடித்துவிட்டு, கடைசியில் ஃபோல்டரின் பெயரைக் கொடுக்கிறேன். எழுத்துகளின் வரிசையிலும் ஒரு கண் வேண்டும். கோடு போட்டு எழுதும்போது எஃப் கடைசியில்தான் வர வேண்டும். சி, எஃப், இசட் என்று அடித்தால், எஃப்புக்கு ஒட்டி வரும் இசட்டையே தொகுப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, இசட் என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி வைத்துவிடும். அது சுருக்கப்பட்டும் இருக்காது.

ஃபோல்டராகக் கட்டுவதில் இன்னொரு லாபம், பிரிக்கிறவருக்கு. உள்ளே ஃபோல்டர் இல்லாமல் வெறும் கோப்புகளாகக் கட்டிய தொகுப்பைப் பிரித்தால், நீங்கள் நிற்கிற இடத்திலேயே எல்லாம் சிதறும். வீட்டு முற்றத்தில் லாரியைக் கவிழ்த்த மாதிரி. அதை விட மோசம், அங்கே அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் டார் சத்தமில்லாமல் அதன் மேல் எழுதிவிடும். ஜிப்பைப் பிரிக்கும் அன்ஜிப்பாவது மேலெழுதட்டுமா என்று கேட்கும். டார் கேட்காது. ஆகையால் யார் அனுப்பிய தொகுப்பாக இருந்தாலும், முதலில் டி, எஃப் போட்டுப் பட்டியலைப் பாருங்கள். பிறகு ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, பெரிய சி கொடுத்து அதற்குள் பிரியுங்கள். சின்ன சி வேறு, பெரிய சி வேறு. சின்னது தொகுக்கும், பெரியது இந்த ஃபோல்டருக்குப் போய் வேலை செய் என்று சொல்லும்.

டாரும் ஜிஜிப்பும் இரண்டு வேலைகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டார் 1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்தது, காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக எழுதி வைக்க. அது கட்டும், சுருக்காது. சுருக்குவது 1992இல் வந்த ஜிஜிப் போன்றவற்றின் வேலை. ஆலை ஆட்களிடம் சொல்வதென்றால், டார் என்பது கிரேட்டில் அடுக்குவது, ஜிஜிப் என்பது கூழாக்குவது. ஒரே வித்தியாசம், இந்தக் கூழிலிருந்து பெங்களூரா மாங்காய் முழுசாகத் திரும்பி வரும்.

கோப்பின் மேல் ஜிஜிப்பை நேரடியாக ஓட்டினால் மூலக் கோப்பை அது நீக்கிவிடும், சுருக்கிய கோப்பு மட்டும் மிஞ்சும். ஜிப் அப்படிச் செய்யாது, எனவே ஜிப்புக்குப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் பதறுவார்கள். டேட்டா எங்கும் போய்விடவில்லை, பிரித்தால் வந்துவிடும். மூலமும் வேண்டுமென்றால் கே என்ற எழுத்தைச் சேர்த்தால் போதும்.

அடுத்தது நான் செய்த தவறு, தம்பி மேல் போட முடியாது. அதே ஆலையில் எடைச் சீட்டுகளை ஸ்கேன் செய்து வைக்கும் ஃபோல்டருக்குத் தினசரி பேக்கப் ஓட வைத்தேன். தேதியைப் பெயராக வைத்து ஒரு தொகுப்பு. தொகுப்பு போய் விழும் இடமும் அதே ஃபோல்டர்! முதல் நாள் 200 எம்பி. இரண்டாம் நாள் சீட்டுகள் 200, அதோடு நேற்றைய தொகுப்பு 200, ஆக 400. மூன்றாம் நாள் 800. ஸ்கேன் படங்கள் ஏற்கெனவே ஜேபெக்கில் சுருங்கியவை, ஜிஜிப் அவற்றை இன்னும் சுருக்குவதற்கு ஒன்றும் இல்லை. சுருங்கிய தொகுப்பை மறுபடி சுருக்கினாலும் குறையாது. இப்படியே இரட்டித்து ஒன்பதாம் நாள் தொகுப்பு மட்டும் 51,200 எம்பி. பத்தாம் நாள் 120 ஜிபி டிஸ்க் நிரம்பி, எடைமேடை மென்பொருள் நின்று, லோடு வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றன. சீசனில் மாங்காய் வண்டியை நிறுத்தி வைத்தால் டிரைவர்கள் என்ன பேசுவார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது தொகுப்பு வேறு டிஸ்கில் விழுகிறது.

ஜிப்பில் வேறு மாதிரி வில்லங்கம். டாரில் அதே பெயரில் மறுபடி தொகுத்தால் பழையது போய்ப் புதியது வரும். ஜிப்பில் அப்படியில்லை, இருக்கிற தொகுப்போடு சேர்த்துக்கொண்டே போகும். ஃபோல்டரில் சம்பளப் பட்டியல் இருந்தபோது ஒருமுறை ஜிப் செய்தீர்கள். அப்புறம் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி ஜிப் செய்து, தர்மபுரியில் உள்ள ஆடிட்டருக்கு அனுப்பினீர்கள். சம்பளப் பட்டியல் உள்ளேயே இருக்கும். பழைய ஜிப்பை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. ஃபோல்டரை ஜிப் செய்யும்போது ஆர் என்ற எழுத்தை மறந்தால், வெறும் ஃபோல்டர் பெயர் மட்டும் உள்ளே போகும், கோப்பு ஒன்றும் போகாது. இரண்டு கேபி கூட இல்லாத ஜிப்போடு மெயில் பறந்துவிடும்.

பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே பெரிய பி போட்டு அடிக்க வேண்டாம். ஷெல்லின் வரலாற்றில் அது அப்படியே பதிந்து கிடக்கும். சின்ன இ போட்டால் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனாலும் ஜிப்பின் பழைய பூட்டு பலவீனமானது, பூட்டினாலும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். ரகசியம் முக்கியமென்றால் செவன் ஜிப் என்ற சுருக்கும் மென்பொருள் பக்கம் போங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப் எட்டு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் எழுத்து, கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று. கிருஷ்ணகிரி என்ற சொல் மட்டும் 33 பைட். மொத்தத்தில் 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். "கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் வரத்துப் பதிவேடு" என்று மனம்போல நீட்டிக்கொண்டே போனால் பிரிக்கும்போது பிழை வரும். பழைய ஜிப் கருவிகள் சில, பெயரையே புரியாத குறிகளாக மாற்றியும் வைக்கும். உள்ளே தமிழில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், கோப்பின் பெயரை மட்டும் சுருக்கமாக வைப்பது நல்லது.

கடைசியாகப் பென்டிரைவ். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் ஒரே கோப்பாக 4 ஜிபியைத் தொடும் எதையும் ஏற்காது. 5 ஜிபி தொகுப்பைக் காப்பி செய்தால் பாதியில் நின்றுவிடும். ஸ்பிளிட் கட்டளையால் துண்டு போட்டுக்கொள்ளலாம். காப்பி முடிந்தது என்று திரையில் வந்ததும் பிடுங்கக் கூடாது, அன்மவுன்ட் செய்த, அதாவது பத்திரமாகக் கழற்றும் கட்டளை கொடுத்த பிறகுதான். தொகுப்பு சரியா என்று பார்ப்பதும் பென்டிரைவை ஒருமுறை கழற்றி மாட்டிய பிறகுதான். இல்லாவிட்டால் மெமரியில் இருக்கும் நகலைப் படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடும். ஜிஜிப்புக்கும் அன்ஜிப்புக்கும் சோதிக்கும் எழுத்து டி. டாரில் அதே டி பட்டியல் காட்டும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த மே மாதம் ஒரு மாலை, இடியோடு கோடை மழை பிடித்தது, தொகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கரண்ட் வந்ததும் பார்த்தால் கோப்பு இருக்கிறது, பெயர் சரி, அளவும் பெரிதாகத்தான் தெரிகிறது. தம்பி டி போட்டுச் சோதித்துவிட்டு ஃபோன் செய்தான். "அண்ணா, எதிர்பாராத முடிவுன்னு வருதுண்ணா. ஸ்கேனை அழிக்கலாமா?"

"வேண்டாம்டா தம்பி. மறுபடி ஓட்டு."