எம்ஜிபி காரில் கதவுக்கடித் துரு: சில் தகட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்குக் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளிப்பது தெரிந்த கதைதான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்கடியில் ஓடும் சில் என்ற பெட்டித் தகடுதான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. ரோட்ஸ்டர் என்ற திறந்த வகைக்கு மேலே கூரையும் இல்லாததால் பாரம் பெரும்பாலும் சில் மீதுதான். குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, சேற்றோடு முன்சக்கரத்துக்குப் பின்னால் தங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

வெல்டிங் ஓரளவு பழகியவர் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படி 1: சோதனை

சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் நல்ல தகடு, 'தொப்' என்றால் துரு அல்லது பட்டி (ஓட்டையை அடைக்கும் பசை). காந்தம் ஒட்டாத இடத்தில் முன்பிருந்தவர் பட்டி வைத்துப் பூசி மறைத்திருக்கிறார். சில் என்பது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் காசில் ரெயில் என்ற தகடு என நான்கு சேர்ந்தது. வெளித்தகடு மட்டும் போயிருக்கும் என்று நம்பி ஒற்றைத் தகடு வாங்க வேண்டாம். சில்லின் முன்முனை விங்குக்குள் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) ஒளிந்திருக்கும். முன் விங் போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றிவிட்டே பாருங்கள்.

படி 2: முட்டு கொடுப்பது

இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. சில்லை வெட்டியதும் வண்டி நடுவில் தொய்யும். அந்த நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால், தொய்வு அப்படியே நிரந்தரமாகிவிடும். கதவு பிறகு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது.

ஸ்டாண்டுகளை முன் கிராஸ்மெம்பருக்கும் (முன்சக்கரங்களுக்கிடையே குறுக்கே போகும் சட்டம்) பின் ஆக்சிலுக்கும் அடியில் வையுங்கள். நடுவில் ஜாக்கி போடவே கூடாது. 25 மி.மீ. சதுரக் குழாயைக் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை உள்பக்கமாகப் பற்றவையுங்கள். உள்பக்கம் என்பதற்குக் காரணம் உண்டு: கதவை மாட்டியபடியே திறந்து மூடிப் பார்க்கலாம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு, தகட்டைக் கிளாம்ப் போட்ட பிறகு, பற்றவைக்கும் நடுவில் என்று ஒவ்வொரு முறையும் அதே எண் வருகிறதா பாருங்கள். ஒரு பக்கம் முழுசாக முடியாமல் மறுபக்கத்தைத் தொட வேண்டாம்.

படி 3: வெட்டு

பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாய் வண்டிக்கு அடியில்தான் ஓடுகிறது. அதையும் டேங்கையும் இறக்கிவிட்டு, கார்ப்பெட்டை எடுத்துவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு கிரைண்டரைத் தொடுங்கள். பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கள். அரைகுறைத் துருவில் வெல்டிங் நிற்காது, ஓட்டைதான் பெரிதாகும்.

படி 4: பற்றவைப்பு

என் ஓட்டு மிக் வெல்டருக்கு, 0.6 மி.மீ. கம்பியுடன். இந்த மெல்லிய தகட்டில் ஆர்க் வெல்டிங் பொத்தல் போட்டுவிடும். நீளமாக இழுக்காதீர்கள். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, நடுவே ஆற விடுங்கள். கதவு இடைவெளி மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் மிச்சத்தை நிரப்புங்கள்.

படி 5: பூச்சு

பிரைமர், மூட்டுகளில் சீலர், பெயின்ட். எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே பெட்டிக்குள் மெழுகு அடியுங்கள், முன்பே அடித்தால் சூட்டில் எரிந்துவிடும். அடியில் தார் போன்ற தடித்த பூச்சு எனக்குப் பிடிக்காது: ஒரு விரிசல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும்.

பின்சேர்க்கை: படித்த இருவர் வேறு வேறு சிக்கலைச் சொன்னார்கள். ஒருவர் துத்தநாகம் பூசிய தகடு வாங்கியிருக்கிறார். அதன் புகை காய்ச்சலை வரவைக்கும், பற்றவைக்கும் ஓரத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு, தகுந்த முகக்கவசத்தோடு காற்றோட்டத்தில் செய்யுங்கள். இன்னொருவருக்கு சில் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம். சீலர் பூசும்போது அடி மூட்டிலுள்ள வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, உள்ளே நன்றாகக் காய்ந்ததும் மறுபடி மெழுகு அடித்தால் போதும்.