பிறர் உருட்டும் பகடையைப் பார்த்து ரசிப்பது எப்படி?

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதன் மாந்தர்களாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. தாம் ஆடாமல், பிறர் ஆடுவதைக் காணொளியில் பார்ப்பதற்கென்றே இன்று பெருங்கூட்டம் இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் என் அக்காள் மகனை முதன்முறை அருகில் அமர்த்தி இதைக் காட்டியபோது, அவன் இருபது நிமிடம் பொறுத்துவிட்டு, "மாமா, பேசிக்கிட்டே இருக்காங்களே, எப்ப ஆடுவாங்க?" என்று கேட்டான். அந்தப் பேச்சுதான் ஆட்டம் என்பதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். குரல் நடிகர்கள் சேர்ந்து ஆட, மாத்யூ மெர்சர் கதையை நடத்திய கிரிட்டிகல் ரோல் என்னும் நிகழ்ச்சி 2015 மார்ச்சில் நேரலையாகத் தொடங்கியது; அதன் முதல் தொடர் மட்டும் 115 பகுதிகள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு மணி நேரம். புகழைக் கேட்டு நேரே அதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் பகுதியைத் தாண்டுவதில்லை. பிரென்னன் லீ மல்லிகன் நடத்தும் டைமன்ஷன் 20 என்னும் நிகழ்ச்சியின் முதல் தொடரான ஃபேண்டஸி ஹை 17 பகுதிகளில் முடிந்துவிடும், படத்தொகுப்பும் இறுக்கமானது. புதியவருக்கு நான் அதையே சொல்வேன். கிரிட்டிகல் ரோலை ஒளிபரப்பாகும்போதே பார்க்கவேண்டும் என்பவர்கள், லாஸ் ஏஞ்சலிஸில் வியாழன் இரவு 7 மணி என்பது, அங்கே கோடையில் கடிகாரத்தை மாற்றுவதைப் பொறுத்து, கோலாலம்பூரில் வெள்ளி காலை 10 அல்லது 11 மணி என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பதிவுதான் வழி.

விதிகள் அனைத்தையும் படிக்கத் தேவையில்லை. இருபது முகப் பகடை ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். பூட்டைத் திறக்க 15 எட்டவேண்டும், அந்தப் பாத்திரத்தின் திறமைக்கு 5 கூட்டிக்கொள்ளலாம் என்றால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். இருபதில் பதினொரு வாய்ப்பு. இக்கணக்கை மனத்துக்குள் போட்டுவிட்டால், பகடை உருளும் அந்த இரண்டு நொடியில் உங்களுக்கும் மூச்சு அடைக்கும். தெருக்கூத்தில் துரியோதனன் வீழ்வான் என்று பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும்; இங்கே கதை நடத்துபவருக்கே அடுத்து என்ன நேரும் என்று உறுதியாகத் தெரியாது. தாக்கும்போது 20 விழுந்தால் அடி தப்பாது, 1 விழுந்தால் படாது. மேசையில் திடீரென்று கூச்சல் எழுந்தால் காரணம் அநேகமாக அதுதான்.

சண்டைக் காட்சிகள் நீளமானவை. அனைவரும் ஒருமுறை ஆடி முடிக்கும் ஒரு சுற்று கதைக்குள் ஆறே நொடி என்பதால், ஒரு மணி நேரச் சண்டை உள்ளே ஒரு நிமிடத்தைக்கூடத் தாண்டியிருக்காது. அந்நேரத்தில் துணி மடிக்கலாம், காதை மட்டும் கொடுத்தால் போதும். கிரிட்டிகல் ரோல் ஒலிவடிவிலும் கிடைப்பதால் நான் எல்ஆர்டி ரயிலில் கேட்பதுண்டு. ஒருமுறை பாசார் செனியில் இறங்கவேண்டியவன் அடுத்த நிலையமான மஸ்ஜித் ஜாமெக் வரை போய்விட்டேன்.

ஒரே நடிகர் ஒரு நொடி தாமாகவும் மறுநொடி பாத்திரமாகவும் பேசுவது முதலில் குழப்பும். குரல் மாறுவதைக் கவனிக்கவேண்டும், ஆங்கில வசன வரிகளையும் போட்டுக்கொள்ளவேண்டும். நேரம் மிச்சம் என்று வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள்: பகடை விழுமுன் மேசையில் நிலவும் மௌனம் அதில் காணாமல் போய்விடும்.