எஞ்சின் சென்சார் எரர் கோடு: புது பார்ட் வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பார்க்கும் முறை

எக்ஸ்கவேட்டர் போன்ற வண்டியின் மானிட்டரில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) சென்சார் எரர் வந்தால் உடனே கடைக்கு ஆள் அனுப்பி சென்சார் வாங்கி மாட்டுவது பல சைட்டில் வழக்கம். மாட்டிய பிறகும் அதே எரர் கோடு வந்து நிற்கும். ஏனென்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்முக்கு சென்சாரை நேராகத் தெரியாது. தன் கனெக்டரில் உள்ள பின்னுக்கு (pin) எத்தனை வோல்ட் வருகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கோடு காட்டுவது ஒரு சர்க்யூட்டை. அந்த சர்க்யூட்டில் சென்சாரும் உண்டு, கனெக்டரும் வயரும் எர்த்தும் உண்டு.

கோடின் பின்பாதிதான் முக்கியம்

கனரக வண்டிகளின் கன்ட்ரோலர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஜே1939 முறையில் வரும் கோடுக்கு இரண்டு பாகம். எஸ்பிஎன் என்பது எந்த சர்க்யூட் என்று சொல்லும்: 100 ஆயில் பிரஷர், 102 பூஸ்ட் பிரஷர் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), 105 இன்டேக் காற்றின் சூடு, 110 கூலண்ட் சூடு, 157 காமன் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்) பிரஷர், 190 எஞ்சின் ஸ்பீடு. எஃப்எம்ஐ என்பது என்ன கோளாறு என்று சொல்லும். பலரும் முதல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போன் செய்கிறார்கள். இரண்டாவது எண் இல்லாமல் யாராலும் சரியாக வழி சொல்ல முடியாது.

எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு. 5 என்றால் கரண்ட் குறைவு, பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும். 6 என்றால் கரண்ட் அதிகம், எங்கோ எர்த் தொடுகிறது. 2 என்றால் சிக்னல் ஏறி இறங்குகிறது அல்லது மற்ற சென்சாருடன் ஒத்துப்போகவில்லை.

0, 1, 15 முதல் 18 வரை வருபவை வேறு ரகம். அங்கே சென்சார் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கலாம், எஞ்சினில்தான் கோளாறு. 100-1 (எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1: ஆயில் பிரஷர் மிகக் குறைவு) வந்தால் எஞ்சினை உடனே நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்த்து, பிறகு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி பிரஷரைச் சரிபாருங்கள். சென்சார் வயரைக் கழற்றிவிட்டோ ரெசிஸ்டர் போட்டோ எச்சரிக்கையை அணைத்து வண்டியை ஓட்டினால் கிராங்க் பேரிங் போகும். அந்தச் செலவுக்கு முன் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

கொமாட்சு பிசி200-8 எக்ஸ்கவேட்டரில் எஃப்எம்ஐ தனியாக வராது. வோல்டேஜ் அதிகத்துக்கு ஒரு கோடு, குறைவுக்கு ஒரு கோடு. கூலண்டுக்கு சிஏ144 அதிகம், சிஏ145 குறைவு. அதில் உள்ள எஸ்ஏஏ6டி107இ எஞ்சினும் கம்மின்ஸ் கியூஎஸ்பி6.7-உம் ஒரே குடும்பம் என்பதால் கம்மின்ஸிலும் இதே 144, 145 எண்கள்தான்.

இரண்டு வயர் சென்சார்: ஜம்பர் சோதனை

கூலண்ட், இன்டேக் சூடு பார்க்கும் சென்சார்களில் இரண்டே வயர். ஒன்று சிக்னல், மற்றது ரிட்டர்ன் (இசிஎம்முக்குத் திரும்பும் எர்த் வயர்). சூடு ஏற ஏற சென்சாரின் ஓம் குறையும். வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறி நிற்கும், இசிஎம் அதை அதிகம் என்று பதியும். இதை வைத்தே சோதனை செய்யலாம்.

1. சாவி ஆஃப் செய்து சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். சாவி ஆன் செய்யுங்கள், எஞ்சின் ஓட வேண்டாம். ஆக்டிவ் கோடு (இப்போது இருக்கும் கோளாறின் கோடு) எஃப்எம்ஐ 3 ஆக இருக்க வேண்டும்.
2. மறுபடி சாவி ஆஃப். ஹார்னஸ் (வயர் கட்டு) பக்க கனெக்டரின் இரு பின்களையும் சிறு வயரால் இணைத்து சாவி ஆன் செய்யுங்கள். கோடு 4 ஆக மாற வேண்டும்.
3. மாறினால் வயரும் இசிஎம்மும் நல்லவை, சென்சாரை மாற்றலாம். மாறவில்லை என்றால் சென்சார் வாங்காதீர்கள், வயரைத் தேடுங்கள்.

ஜம்பர் சிக்னலுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே மட்டும்தான். 24 வோல்ட் வயர் அந்தப் பின்னில் பட்டால் இசிஎம் போய்விடும்.

புது சென்சார் வாங்கும்போது பார்ட் நம்பர் பாருங்கள். மரையும் கனெக்டரும் ஒன்றாக இருந்தும் 25 டிகிரியில் ஏறக்குறைய 2,000 ஓம் காட்டும் வகையும் உண்டு, 10,000 ஓம் காட்டும் வகையும் உண்டு. மாறி மாட்டினால் எரர் கோடே வராமல் தப்பான சூடு காட்டும். எரர் வருவதைவிட இது ஆபத்து.

மூன்று வயர் சென்சார்: முதலில் 5 வோல்ட்

ஆயில், பூஸ்ட், ரெயில் பிரஷர் சென்சார்களில் 5 வோல்ட் சப்ளை, ரிட்டர்ன், சிக்னல் என மூன்று. கனெக்டரைக் கழற்றி, சாவி ஆன் செய்து, ஹார்னஸ் பக்கம் சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட் வந்தால் சரி. சென்சார் மாட்டிய நிலையில் சிக்னல் பொதுவாக 0.5-க்கும் 4.5-க்கும் நடுவே இருக்கும்.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சார் எரர் சேர்ந்து வந்தால் மூன்று நான்கு சென்சாரும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 5 வோல்ட் சப்ளை பல சென்சாருக்குப் பொது. ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலே மற்றவற்றையும் இழுத்துவிடும். பிசி200-8-இல் சப்ளை குறைந்தால் சிஏ352 கூடவே வரலாம். மீட்டரை 5 வோல்ட்டில் வைத்தபடி சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால் ஹார்னஸ் எங்கோ எர்த் தொடுகிறது.

வயரும் கனெக்டரும்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பின்னில் பச்சைப் பூச்சு, இடம் விட்டு பின்பக்கமாக நகர்ந்த பின், வாய் விரிந்த பெண் பின், கிழிந்த ரப்பர் சீல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆயில் பிரஷர் சென்சார் உள்ளே கசிந்தால் ஆயில் வயருக்குள்ளேயே ஏறி இசிஎம் கனெக்டர் வரை போகும்; கனெக்டருக்குள் ஆயில் தெரிந்தால் சென்சாரை மாற்றி இரு முனைகளையும் கான்டாக்ட் கிளீனரால் கழுவுங்கள். மீட்டர் முனையை பின்னுக்குள் திணித்தால் பின் விரிந்து, இல்லாத கோளாறு புதிதாக வரும். வயர் தோலை ஊசியால் குத்தினாலும் தண்ணீர் இறங்கி சில மாதத்தில் அங்கே அறுந்துவிடும்.

வயர் ஓம் பார்க்க பேட்டரியைத் துண்டித்து, இரு முனை கனெக்டரையும் கழற்றியாக வேண்டும். நல்ல வயர் ஒரு ஓமுக்குக் கீழ் காட்டும். வயருக்கும் பாடிக்கும் நடுவே 1 லட்சம் ஓமுக்கு மேல் இருக்க வேண்டும்.

வந்து வந்து போகும் எரர் என்றால் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, மானிட்டரை ஒருவர் பார்க்க, மற்றவர் ஹார்னஸை கிளாம்ப் கிளாம்பாக அசைக்க வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. கிளாம்பின் அடியிலும், டர்போ அருகிலும், இசிஎம் பிராக்கெட் ஓரத்திலும்தான் வயர் அதிகம் உரசும்.

கோடு இல்லாமல் பொய் சொல்லும் சென்சார்

எஞ்சின் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நேரத்தில் காட்டும் அளவுகள்) பாருங்கள். கூலண்ட், இன்டேக், டீசல் சூடு மூன்றும் சில டிகிரிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் அந்த சர்க்யூட்டைப் பாருங்கள். ஆயில் பிரஷர் பூஜ்யம் காட்ட வேண்டும். அப்சொல்யூட் அளவில் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து) காட்டும் பூஸ்ட், சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும் ஊட்டியில் 78-ஐ ஒட்டியும் இருக்கும்; மலையில் குறைந்ததைக் கண்டு சென்சாரைக் குறை சொல்லக் கூடாது.

ரெயில் பிரஷர் குறைவு என்று சிஏ559 வந்தால் முதலில் டீசல் ஃபில்டர், வாட்டர் செப்பரேட்டர், சக்‌ஷன் லைனில் காற்று இழுப்பதைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ரெயில் பைப் நட்டைத் தளர்த்தாதீர்கள். அங்கே பிரஷர் 1,000 பாருக்கு மேல் போகும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்.

பல கன்ட்ரோலர்கள் ஒன்றாகத் தொடர்பு எரர் காட்டினால் பேட்டரியைத் துண்டித்து கன்ட்ரோலர்களை இணைக்கும் கேன் ஹை, கேன் லோ வயர்களின் நடுவே ஓம் பாருங்கள். 60 சரி. 120 என்றால் ஒரு முனை ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது. டயக்னாஸ்டிக் கனெக்டரில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டயகிராம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, எஞ்சின் முழுச் சூடு ஏறும் வரை லோடில் ஓட்டுங்கள். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்து, ஆக்டிவ் பட்டியலை இன்னொரு முறை பார்த்துவிட்டு வண்டியை ஆபரேட்டரிடம் கொடுங்கள்.