மங்குவது, தேய்வது, வடிவது: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. கடிதமோ அறிக்கையோ கட்டுரையோ, ஏதாவது ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் வந்து நிற்கும்: 'டிஸப்பியர்'. அதோடு 'கிராஜுவலி' என்று ஓர் ஒட்டு. இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் நிறம் போனதும், ஆள் குறைந்ததும், வலி விட்டதும் ஒரே மாதிரி ஒலித்தால் படிப்பவர் கண்முன் எதுவும் விரியாது.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, முதலில் தமிழ் வினையைப் பிடியுங்கள் என்பதுதான். 'துணியின் நிறம் மறைந்தது' என்று நாம் யாரும் பேசுவதில்லை; வெளுத்தது, மங்கியது என்கிறோம். நிலவு தேய்கிறது, வெள்ளம் வடிகிறது, காற்று ஓய்கிறது, கூட்டம் கலைகிறது. இந்த வேறுபாடெல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. சரியான தமிழ் வினை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மங்குவது என்றால் 'ஃபேட்'. வெளிறிய, சாரமற்ற என்ற பொருளுள்ள ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நிறம், வெளிச்சம், ஒலி, நினைவு, புன்னகை, நம்பிக்கை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். திரைச்சீலை வெளுத்துப்போனால் 'த கர்ட்டன்ஸ் ஹேவ் ஃபேடட்'. வெயிலை எழுவாயாக வைத்து 'த சன் ஹேஸ் ஃபேடட் த கர்ட்டன்ஸ்' என்றும் எழுதலாம். ஆனால் எண்ணிக்கைக்கு இதைப் போடாதீர்கள். உறுப்பினர்கள், சேமிப்பு, கையிருப்பு இவை குறைந்துகொண்டே போனால் 'டுவிண்டில்'. எதில் வந்து நின்றது என்று சொல்ல 'டு' சேர்த்தால் போதும்: 'த மெம்பர்ஷிப் டுவிண்டில்ட் டு டென்'. சுருங்கிச் சுருங்கிப் பத்துப் பேரில் வந்து நின்றுவிட்டது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

தேய்வதில்தான் கவனம் வேண்டும். நிலவு தேய்வதற்கு 'வெய்ன்' என்று ஒரு சொல் உண்டு. ரத்தக்குழாயைக் குறிக்கும் வெய்ன் வேறு; அது வி எழுத்தில் தொடங்கும், இது டபிள்யூவில். உதட்டைக் குவித்துச் சொல்லுங்கள். வளர்பிறைக்கு இதன் ஜோடிச் சொல் 'வாக்ஸ்'. மெழுகுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வளர்தல் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த வினை அது. செல்வாக்கு, ஆர்வம், புகழ் ஆகியவை உச்சத்திலிருந்து இறங்கும்போதும் 'வெய்ன்' அழகாக உட்காரும். 'ஹிஸ் இன்ஃப்ளுவன்ஸ் இஸ் ஆன் த வெய்ன்' என்பது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு.

ஆனால் தமிழில் செருப்பும் தேயும், படிக்கல்லும் தேயும். அங்கெல்லாம் 'வெய்ன்' போட்டால் விபரீதம். செருப்பு தேய்ந்து உதவாமல் போவது 'வேர் அவுட்'. பல காலம் மிதிபட்டுக் கல் தேய்வது 'வேர் அவே'. இந்தக் குடும்பத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு, 'வேர் ஆஃப்'. பல் பிடுங்கியபின் மரத்துப்போன நிலை மெல்ல விடுவதற்கு அதுதான் சொல். மருந்தின் வேகம், புதுமையின் கவர்ச்சி இரண்டும் 'வேர் ஆஃப்' ஆகும். 'அவுட்' என்று எழுதினால் மருந்து கிழிந்துபோனது போல ஒலிக்கும்.

கரைவதும் அப்படித்தான். சர்க்கரை தண்ணீரில் கரைவது 'டிஸால்வ்'. பனிக்கட்டி கரைவதில்லை, உருகுகிறது, அது 'மெல்ட்'. ஆற்றங்கரை அரித்துப்போவது 'இரோட்'. கொறித்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து பிறந்தது அது. எலி வகையைக் குறிக்கும் 'ரோடென்ட்' அதன் உறவுக்காரச் சொல்தான். ஒருவர்மேல் வைத்த நம்பிக்கை சிறு சிறு பொய்களால் அரிபட்டுக் குறைவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. பணம் கரைவதை மட்டும் 'டுவிண்டில்' பக்கம் அனுப்பிவிடுங்கள்.

வெள்ளம் வடிவது 'ரிஸீட்' அல்லது 'சப்ஸைட்'. முன்னது பின்வாங்குதல் (நெற்றி ஏறுவதற்கும் அதே சொல்தான்), பின்னது அடங்கிப் படிதல். அதனால் காய்ச்சல், வீக்கம், கோபம் தணிவதற்கு 'சப்ஸைட்' மட்டும். கடல் வற்றம் 'எப்'. கூட்டம் கலைவது 'டிஸ்பெர்ஸ்'. காற்றும் இரைச்சலும் ஓய்ந்தால் 'டை டவுன்'; ஓர் உயிரினமோ வழக்கமோ மொழியோ அடியோடு இல்லாமல் போனால் 'டை அவுட்'. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருள் பெரிதாகப் பிறழும்: முதலாவது மறுபடி எழலாம், இரண்டாவது திரும்பி வராது.

தானாகப் போகிறதா, யாராவது திட்டமிட்டு நீக்குகிறார்களா என்றும் பாருங்கள். 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஓசோன் படலத்தைக் கெடுக்கும் சிஎஃப்சி வாயுக்கள் கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்டன. அதற்கு 'ஃபேஸ் அவுட்'. ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென நிறுத்தாமல் மருத்துவர் அளவைக் குறைத்துக்கொண்டே வருவது 'டேப்பர்'. பேச வந்தவர் வாக்கியத்தை முடிக்காமல் குரல் தேய்ந்து நிற்பது 'ட்ரெயில் ஆஃப்'. ஆர்வமாகத் தொடங்கிய முயற்சி வலுவிழந்து நின்றுபோவது 'பீட்டர் அவுட்'. அமெரிக்கச் சுரங்கங்களில் தாதுப் படிவம் மெலிந்து தீர்ந்துபோவதற்கு 19-ஆம் நூற்றாண்டில் புழங்கிய பேச்சு அது.

அப்புறம் 'கிராஜுவலி'. 'டுவிண்டில்', 'ஃபேட்', 'வெய்ன்' ஆகியவற்றில் மெதுவாக என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது, ஒட்டை எடுத்துவிடுங்கள். 'வானிஷ்' நேர் எதிர், சட்டென்று காணாமல் போவது. அதன் பக்கத்தில் 'கிராஜுவலி' வந்தால் இரண்டும் இழுபறி செய்யும். 'டிஸப்பியர்' நடுநிலையானது, அங்கே ஒட்டு தேவைப்படலாம். அதைச் செயப்பாட்டு வினையாக்கி 'வாஸ் டிஸப்பியர்ட்' என்று பலர் எழுதுகிறார்கள். ஆட்சியாளர்கள் ஒருவரைக் கடத்திக் காணாமல் ஆக்கிவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். தொலைந்த சாவிக்கு 'டிஸப்பியர்ட்' என்று மட்டும் எழுதுங்கள், 'வாஸ்' வேண்டாம்.