நெல் இலைக்கருகல்: பாக்டீரியா சுரக்கும் புரதங்களைப் பற்றிய ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெற்பயிரில் பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே வெளியே சுரக்கும் புரதங்களைப் படிக்கத் தொடங்குவோர், அவை அனைத்தையும் இலையைக் கொல்லும் நஞ்சு என்றே எண்ணிவிடுகின்றனர். பாக்டீரியாவின் ஊசி போன்ற மூன்றாம் வகைச் சுரப்பமைப்பின் வழியே நெல்லின் செல்லுக்குள் செலுத்தப்படும் டேல் புரதங்கள் நஞ்சல்ல. அவை உட்கருவுக்குள் நுழைந்து, குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையைப் பற்றிக்கொண்டு, பயிரின் சொந்த மரபணுவையே முடுக்கிவிடுகின்றன. ஏறத்தாழ 34 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகள் இப்புரதத்தில் அடுத்தடுத்து வருகின்றன; ஒவ்வொரு துண்டிலும் 12, 13ஆம் இடங்களில் இருப்பவையே எந்த டிஎன்ஏ எழுத்தைப் பற்றுவது என்பதை முடிவுசெய்கின்றன என்று 2009இல் தெரியவந்தது. பிடிஎச்எக்ஸ்ஓ1 என்னும் டேல் புரதம் இவ்வாறு சர்க்கரையைக் கடத்தும் ஸ்வீட்11 மரபணுவை முடுக்கும்போது, செல்லிலிருந்து சர்க்கரை வெளியேறி பாக்டீரியா பெருக வழி ஏற்படுகிறது. எக்ஸ்ஏ13 எதிர்ப்புத்திறன் உள்ள நெல்லில் ஸ்வீட்11இல் இப்புரதம் பற்றும் இடத்து டிஎன்ஏ வரிசை மாறியிருப்பதால் இப்புரதத்துக்குப் பிடி கிடைப்பதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, பயிரின் ரகத்தைக் குறிப்பிடாமலேயே ஒரு புரதம் நோய்க்கு உதவுகிறது அல்லது நோயைத் தடுக்கிறது என்று எழுதிவிடுவது. ஏவிஆர்எக்ஸ்ஏ7 என்னும் டேல் புரதம், ஸ்வீட்11ஐப் போன்ற ஸ்வீட்14 மரபணுவை முடுக்கி நோயை வளர்க்கிறது. எக்ஸ்ஏ7 மரபணு உள்ள நெல்லிலோ அதே புரதம் அம்மரபணுவையும் முடுக்கிவிட, தாக்கப்பட்ட செல்கள் மடிந்து பாக்டீரியா அங்கேயே முடங்கிப்போகிறது.

ஒரு மரபணுவை மட்டும் நீக்கிப் பார்த்து, நோய் குறையவில்லை என்பதால் அதன் புரதம் பயனற்றது எனத் தீர்ப்பளிப்பதும் கூடாது. பாக்டீரியாவின் மற்றொரு சுரப்பமைப்பான இரண்டாம் வகை அமைப்பு செல்லுக்கு வெளியே சுரக்கும் நொதிகள் செல்சுவரைச் சிதைக்கும்போது அந்தச் சிதைவே நெல்லின் தற்காப்பை எழுப்பிவிடுகிறது. அந்தத் தற்காப்பை அடக்கும், மூன்றாம் வகை அமைப்பு செலுத்தும் எக்ஸ்ஓபி-என், கியூ, எக்ஸ், இசட் ஆகிய நான்கு புரதங்களும் ஒன்றன் வேலையை மற்றொன்று ஈடுகட்டுவதால், நான்கின் மரபணுக்களையும் சேர்த்து நீக்கினால்தான் அவற்றின் பங்கு வெளிப்படுகிறது.

ஆய்வகத்தில் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. சத்து மிகுந்த ஊடகத்தில் மூன்றாம் வகை அமைப்பின் மரபணுக்கள் அடங்கியிருக்கும் என்பதால், அங்கே புரதம் தென்படாததை வைத்து முடிவெடுக்கலாகாது. ஊடகத்தில் புரதம் கிடைத்தாலும், அது சுரந்ததா, செல் உடைந்து கசிந்ததா என்பதை, செல்லுக்குள்ளேயே தங்கும் வேறொரு புரதத்தையும் தேடிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பாக்டீரியாக் கரைசலில் தோய்த்த கத்தரியால் இலைநுனியை வெட்டும் வழக்கமான சோதனை, கிருமியை நேரே நீர் கடத்தும் சைலக் குழாயில் சேர்த்துவிடுகிறது; இலைப்பரப்பில் ஒட்டி, இலையோரத்தில் நீர் கசியும் நீர்த்துளை வழியே நுழைய உதவும் புரதங்களை ஆராய்வோர், வெட்டாத இலையில் கரைசலைத் தெளித்தும் பார்க்க வேண்டும்.