வயசு கேட்காமல் வாங்கிய சீரகச் சம்பா

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் விசேஷ வீடுகளில் புதிதாகத் தேக்சா, அதாவது பிரியாணி அண்டா, ஏற்றக் கிளம்பியிருக்கும் பையன்களைப் பார்க்கிறேன். அரிசி விஷயத்தில், அந்த வயதில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில்தான் அவர்களும் சொதப்புகிறார்கள். இட்லிக்குப் புழுங்கல், பொங்கலுக்குப் பச்சரிசி என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

புது அரிசியில் பிரியாணி

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. மண்டிக்குப் போய் சீரகச் சம்பா என்று கேட்டு மூட்டையைத் தூக்கி வருகிறார்கள். எப்போது அறுத்த நெல் என்று கேட்பதே இல்லை. ஒரு வருடமாவது ஆன அரிசியில் ஈரம் வற்றி மணி இறுகியிருக்கும். தண்ணீரை நன்றாக இழுத்தும் உதிரியாக நிற்கும். புதுசு சீக்கிரம் கரைந்து கஞ்சி விட்டு ஒட்டிக்கொள்ளும்.

தை மாதம் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். விலை குறைவு என்று புது அரிசி வாங்கி வந்திருந்த தம்பி, அதை உலையில் போட்டுவிட்டு ஃபோனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், "பாஸ்மதிக்கு விடுற அதே நேரம்தாண்ணே" என்றார். பாஸ்மதி வெந்து நீளும் அரிசி. இது குட்டை மணி, அதுவும் புதுசு. வடிக்கும்போதே பிசுபிசுத்தது. அப்படியும் மசாலாவில் கலந்து, மூடி மேல் தணல் போட்டுத் தம்மில் விட்டார். திறந்தால் மேலே சோறு, அடியில் களி. பந்தியில் ஒரு பெரியவர் கேட்டே விட்டார்: "இது பிரியாணியா, கறி போட்ட பொங்கலா?" அரிசியில் மிச்சம் பிடித்தது சில்லறை. கறிக்கும் நெய்க்கும் போட்ட காசு மொத்தமும் போச்சு.

வாங்கும்போது நாலு மணியைக் கடித்துப் பாருங்கள். பழசு டக்கென்று உடையும். சந்தேகமாக இருந்தால் ஒரு கை அரிசியைத் தனியாக வேக வைத்துப் பார்த்துவிடுங்கள். ஊறல் அரை மணிக்கு மேல் வேண்டாம். அதிகம் ஊறினால் கிளறும்போது உடைந்து குருணையாகிவிடும். உலையில் கடிகாரத்தை நம்பாதீர்கள். மணியை விரலில் நசுக்கி, நடுவில் சின்ன வெள்ளைப் பொட்டு தெரியும்போதே வடித்துவிடுங்கள். மீதி வேக்காட்டைத் தம் பார்த்துக்கொள்ளும்.

சரி, புதுசுதான் கையில் இருக்கிறதா? பாயசம் வையுங்கள், சர்க்கரைப் பொங்கல் வையுங்கள். குழைவது அங்கே நல்லது.

'ஆரணி' என்பதை ரகம் என்று நினைப்பது

ஆரணி அரிசி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். மூட்டையில் அந்தப் பெயர் இருந்தால் உள்ளே பொன்னியும் இருக்கலாம், பாபட்லாவும் இருக்கலாம். ரகத்தைக் கேளுங்கள், பச்சையா புழுங்கலா என்றும் கேளுங்கள்.

குஸ்காவுக்குப் பொன்னிப் புழுங்கல்

வேண்டாம்.

கருப்புக் கவுனியை அவசரமாக ஏற்றுவது

முதல் நாள் இரவே கழுவி ஊறப் போடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேக வையுங்கள். நிறமெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும்.