ஆணியே இல்லாமல் பஞ்சர்

என் 1968 அம்பாசடரின் பின்சக்கரத்தில் ஒரே வாரத்தில் மூன்று முறை காற்று இறங்கியது. மூன்றாவது முறை மன்னார்குடி சாலையில், ஆணியே இல்லாமல்! ஒட்டுப் போட்டேன், வால்வு மாற்றினேன். புது டியூபும் மறுநாளே படுத்துவிட்டது.

பிறகுதான் கவனித்தேன். ஓட்டைகள் எல்லாம் டியூபின் உட்பக்கத்தில், டயர் மாட்டும் இரும்பு டிஸ்க்கை ஒட்டி இருந்தன. ஆணி குத்தினால் வெளிப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? வால்வை டிஸ்க்கில் அது நுழையும் துளைக்கு நேராக வைத்து டியூபை டிஸ்க்கின் மேல் பரப்பினேன். ஓட்டைக்கு நேரே துருச் செதில் விரலைக் கீறியது.

துருவை உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, அது உலர்ந்ததும் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையைச் சுற்றி, டால்கம் பவுடர் தூவி மாட்டினேன். இரண்டு மாதமாகக் காற்று இறங்கவில்லை, பெரிய நிம்மதி.

ஸ்டெப்னியிலும் அதே துரு இருந்தது, தேய்த்துவிட்டேன். டிக்கியில் ஜாக்கியோடு தடித்த பலகையும் இருக்கிறது. வாய்க்கால் ஓரக் களிமண்ணில் வெறும் ஜாக்கி புதைந்துவிடும்.